மதுரை லாட்ஜ், ஹாஸ்டல் உரிமையாளர்களுக்கு: மூட்டைப்பூச்சிக்கு ரூம் கணக்கில் ரேட் கேட்காதீர்கள்

மதுரையில் லாட்ஜ், மேன்ஷன், ஹாஸ்டல், மண்டப அறைகள் நடத்துகிறவர்களுக்கும் அவற்றின் மேனேஜர்களுக்கும் வணக்கம்.

போனில் நீங்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "ஒரு ரூமுக்கு மூட்டைப்பூச்சி மருந்தடிக்க எவ்வளவு ஆகும்?" டவுன்ஹால் ரோட்டிலிருந்து வந்தாலும் மாட்டுத்தாவணியிலிருந்து வந்தாலும் கேள்வி மாறுவதில்லை. அடுத்து வருவதும் மாறுவதில்லை: "சாயங்காலம் செக்-இன் இருக்கு, மத்தியானத்துக்குள்ள முடிச்சிருங்க." இந்த இரண்டு நிபந்தனைக்கும் ஒத்துக்கொண்டு யார் வந்து வேலை பார்த்தாலும் மூட்டைப்பூச்சி போகாது. மருந்து போலியாக இருந்து, அடிக்கிறவர் ஏமாற்றினால்தான் இப்படி ஆகும் என்று நினைக்க வேண்டாம். (அப்படியும் நடக்கிறது, அதற்குப் பிறகு வருகிறோம்.) நல்ல மருந்தும் நல்ல ஆளும் இருந்தாலும் இந்தக் கணக்கில் வேலை தோற்கும். ஏன் என்பதைத் தொழில் தெரிந்த நாங்கள் சிலர் சேர்ந்து எழுதுகிறோம்.

205-ம் அறையில் தங்கியவர் கையில் தடிப்போடு கவுண்டருக்கு வந்தால், எங்களுக்கு 205-ஐ மட்டும் திறந்து காட்டுகிறீர்கள். மூட்டைப்பூச்சிக்குச் சிறகு கிடையாது, ஆனால் நன்றாக நடக்கும். இரண்டு அறைக்கும் பொதுவான சுவரில் ஒயரிங் பைப் ஸ்விட்ச் போர்டுக்குப் பின்னால் வாய் திறந்து கிடக்கிறது. கதவுக்கு அடியில் இடைவெளி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக உங்கள் ரூம்பாயே 205-ன் விரிப்பைச் சுருட்டி வராந்தாவில் போட்டு, அதன் மேல் மற்ற அறை விரிப்புகளையும் போட்டு ஒரே மூட்டையாகக் கட்டி மாடி மாடியாகத் தூக்கிப் போகிறார். ஆகவே 205-ல் பூச்சி என்றால் நாங்கள் பார்க்க வேண்டியது ஐந்து அறைகள்: அந்த அறை, அதன் இரு பக்கத்து அறைகள், நேர் மேலே 305, நேர் கீழே 105. காகிதத்தில் போட்டால் கூட்டல் குறி மாதிரி வரும். மருந்து ஐந்துக்கும் தேவைப்படாமல் போகலாம். ஐந்தையும் பார்த்தே ஆக வேண்டும். "பக்கத்து ரூம்ல ஆள் இருக்காங்க" என்று சொல்லிச் சாவி தராத இடங்களில்தான் அடுத்த மாதமும் அழைப்பு வருகிறது.

பார்ப்பது என்றால் மெத்தையைத் தூக்கி டார்ச் அடித்துவிட்டு இறக்கி வைப்பதோடு முடியாது. டார்ச், ஸ்க்ரூ டிரைவர், பழைய ஏ.டி.எம். கார்டு ஒன்று, ஈரமான வெள்ளைத் துணி ஆகியவை கையில் இருக்க வேண்டும். முதலில் மெத்தையின் ஓரப் பைப்பிங்கை (விளிம்பைச் சுற்றித் தைத்த தடித்த பட்டையை) விரலால் விரித்துக்கொண்டே சுற்றி வர வேண்டும். நான்கு மூலைகளிலும், கம்பெனி லேபிள் தைத்த இடத்துக்கு அடியிலும் நின்று பார்க்க வேண்டும். அடுத்து தலைமாட்டுப் பலகை. பல லாட்ஜ்களில் இது சுவரோடு சேர்த்து ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருக்கும், ஸ்க்ரூவும் துருப்பிடித்திருக்கும். அதைக் கழற்றாமல் அடிக்கும் மருந்து அத்தனையும் வீண். கழற்றினால் ஸ்க்ரூ ஓட்டையைச் சுற்றி மிளகுத்தூள் தூவியது போலக் கரும்புள்ளிகள், நடுநடுவே உரித்துப்போட்ட வெளிறிய சட்டைகள், மர இழையோடு ஒட்டிய 1 மி.மீ. அளவு வெள்ளை முட்டைகள் எல்லாம் ஒரே இடத்தில் தெரியும். கார்டை பிளைவுட் இணைப்பில் விட்டு மெதுவாக இழுத்தால் பூச்சியே அதன் விளிம்போடு வெளியே வரும். கரும்புள்ளி கரப்பானுடையதா என்று சந்தேகம் வந்தால் ஈரத்துணியால் தேய்த்துப் பாருங்கள். மூட்டைப்பூச்சியின் எச்சம் செரித்த ரத்தம். துணியில் பழுப்பாக இழுபடும். கரப்பானுடையது பொடியாக உதிரும்.

ஹாஸ்டல் இரும்புக் கட்டில் என்றால் குழாய் முனைகளைப் பாருங்கள். ரப்பர் புஷ் விழுந்துபோன ஒவ்வொரு குழாயும் ஒரு குடியிருப்பு. நாடாக் கட்டிலில் நாடா சட்டத்தைச் சுற்றி மடங்கும் இடம். பிளாஸ்டிக் நாற்காலியில் அடிப்பக்க விளிம்பு. பிறகு திரைச்சீலையின் மேல் மடிப்பு, சுவரில் மாட்டிய சாமி படத்தின் பின்பக்கம். தூங்குகிறவர் தலையிலிருந்து ஐந்தாறு அடிக்குள்தான் பெரும்பாலானவை இருக்கும். தடிப்பை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். கொசுக்கடி, சிரங்கு எல்லாம் அதே மாதிரிதான் தெரியும். சிலருக்கு மூட்டைப்பூச்சி கடித்தாலும் தடிப்பே வராது. பூச்சியோ முட்டையோ சட்டையோ எச்சமோ கண்ணில் படாமல் மருந்தடிக்க ஒத்துக்கொள்கிறவரை நம்ப வேண்டாம்.

இனி நாள் கணக்கு. நம் ஊர் வெப்பத்தில் முட்டை 6 முதல் 10 நாளில் பொரிந்துவிடும். பொரிந்த குஞ்சு ஐந்து முறை சட்டை உரிக்கும். ஒவ்வொரு முறைக்கும் முன்னால் ரத்தம் குடித்தாக வேண்டும். இரை தடையில்லாமல் கிடைத்தால் ஐந்தாறு வாரத்தில் அதுவே முட்டையிடத் தொடங்கும். நாம் அடிக்கும் திரவ மருந்துகளில் பெரும்பாலானவை முட்டைக்குள் போவதில்லை. ஆகவே முதல் நாள் எவ்வளவு சுத்தமாக அடித்தாலும் அடுத்த வாரம் குஞ்சு வரும். அந்தக் குஞ்சுகள் வெளியே வந்து, பெரிதாகி முட்டையிடுவதற்குள் பிடிக்கத்தான் 12 முதல் 14 நாளில் இரண்டாம் முறை வருகிறோம். 28-ம் நாளை ஒட்டி மூன்றாம் முறை; அன்று ஒன்றும் கண்ணில் படாவிட்டால் மருந்து தேவையில்லை, பார்த்துவிட்டுப் போவதோடு சரி. "இரண்டாவது தடவை வர்றது காசுக்காக" என்று சொல்லும் மேனேஜர்கள் இந்த முட்டைக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

அறையை ஒரு மாதம் பூட்டிப்போட்டால் பட்டினியில் செத்துவிடும் என்பதும் நடக்காது. வளர்ந்த பூச்சி மாதக்கணக்கில் ரத்தமில்லாமல் தாக்குப்பிடிக்கும். தாக்குப்பிடிக்க முடியாதது ஒயரிங் பைப் வழியாகப் பக்கத்து அறைக்குப் போகும்.

முட்டையையும் சேர்த்துக் கொல்ல நாங்கள் நம்புவது சூட்டைத்தான். 48 டிகிரியில் வளர்ந்த பூச்சி சுமார் 20 நிமிடத்தில் சாகும்; முட்டைக்கு அதே சூடு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டும். 55 டிகிரியைத் தொட்டால் இரண்டும் உடனே முடிந்துவிடும். அதனால் நாங்கள் நீராவி இயந்திரம் கொண்டுவருகிறோம். முனை கடந்துபோன உடனே அந்த இடம் 70 முதல் 80 டிகிரி காட்ட வேண்டும். அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்து காட்டச் சொல்லுங்கள். முனையில் துணி சுற்றி, ஓர் அடியைக் கடக்க 10 முதல் 15 விநாடி எடுத்து நகர்த்த வேண்டும். வேகமாக இழுத்தால் உள்ளே சூடு இறங்காது, அழுத்தம் கூடினால் பூச்சியையும் முட்டையையும் ஊதித் தள்ளிவிடும். ஆறேகாலுக்கு ஐந்து அடி மெத்தை ஒன்றின் மேல் பைப்பிங்கும் கீழ்ப் பைப்பிங்கும் சேர்ந்தால் 45 அடி. அடிக்கு 15 விநாடி என்றால் பைப்பிங்குக்கு மட்டுமே 11 நிமிடத்துக்கு மேல் ஆகிறது. கட்டில் இணைப்புகள், தலைமாட்டுப் பலகை, சுவரோரம் எல்லாம் அதற்குப் பிறகு. அரை மணி நேரத்தில் நான்கு அறை முடித்தேன் என்று ஒருவர் சொன்னால் அவர் எதைச் செய்திருப்பார் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இந்த இயந்திரங்கள் 1500 முதல் 2000 வாட் இழுக்கும். டி.வி. பக்கத்தில் இருக்கும் சின்ன பிளக்கில் போட்டால் பிளக் உருகும். கீசர் அல்லது ஏ.சி. பாயிண்ட் வேண்டும். தண்ணீரும் முக்கியம். நம் ஊர் போர் தண்ணீரை ஊற்றினால் கொஞ்ச நாளில் உள்ளே உப்பு படிந்து முனை அடைக்கும், நீராவிக்குப் பதில் வெந்நீர் துப்பும், மெத்தை நனைந்து பூஞ்சணம் பிடிக்கும். கேன் தண்ணீர் இரண்டு தயாராக வையுங்கள்.

மொட்டை மாடியில் மெத்தையைப் போட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு, அதுவும் சித்திரை வெயிலில். வெயில் படும் மேல்பக்கம் சுடும். பூச்சி அடிப்பக்கத்துக்கு இறங்கிவிடும். தடிமனான காயர் மெத்தையின் நடுவில் 48 டிகிரி ஒரு மணி நேரம் நிற்காது. போதாக்குறைக்கு மாடிப்படி முழுக்கப் பூச்சி உதிரும். கம்பளி, தலையணை உறை, கால்மிதி போன்ற மெல்லிய சாமான்களைக் கறுப்பு பாலிதீன் பையில் தளர்வாகக் கட்டி, வெயிலில் நாள் முழுக்கப் புரட்டிப் புரட்டிப் போட்டால் பலன் உண்டு. மெத்தைக்கு அது வேலைக்கு ஆகாது.

மருந்துக்கு வருவோம். டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்துகளுக்கு மூட்டைப்பூச்சி உலகம் முழுக்கவே பழகிவிட்டது. டி.டி.டி.க்கு அது பழகி பல தலைமுறை ஆகிறது. கடையில் வாங்கும் ஸ்ப்ரே கேனும் பெரும்பாலும் இதே வகைதான். நேரடியாக நனைந்தது சாகும், மற்றது சிதறி ஓடும். ஒரு கட்டிலில் இருந்தது நான்கு மூலைக்கும் பரவும். புகை மருந்தும் இப்படித்தான், இடுக்குக்குள் போகாது. ஆகவே ஒரே வகை மருந்தை ஆண்டுக்கணக்கில் அடிக்கும் ஆளிடம் மருந்தின் பெயரைக் கேளுங்கள். கம்பெனிப் பெயர் போதாது, உள்ளே இருக்கும் வேதிப்பொருளின் பெயர் வேண்டும். போன முறை அடித்ததும் இந்த முறை அடிப்பதும் வேறு வேறு வகையா என்று பாருங்கள்.

அளவு லேபிளில் இருக்கும். 0.05 சதவீதக் கரைசல் என்று போட்டிருந்தால், 2.5 சதவீத மருந்தில் லிட்டருக்கு 20 மி.லி. கலக்க வேண்டும். அதைப் பாதியாகக் குறைத்து அடிப்பதுதான் இந்தத் தொழிலில் நடக்கும் பெரிய திருட்டு. சாகாமல் தப்பும் பூச்சிதான் மருந்துக்குப் பழகிய குட்டிகளைப் போடுகிறது. இரட்டிப்பாக ஊற்றினால் வேகமாகச் சாகும் என்பதும் கிடையாது, தங்குகிறவருக்குத் தலைவலிதான் மிச்சம். கலந்த மருந்தை அன்றே தீர்த்துவிட வேண்டும். சுண்ணாம்பு அடித்த சுவரில் மருந்து உறிஞ்சப்பட்டு, காரத்தில் சீக்கிரம் சிதைந்துவிடும். பழைய கட்டடங்களில் மருந்து நிற்காததற்கு இது ஒரு காரணம். பெயின்ட் அடித்த சுவரும் பட்டி பார்த்து மூடிய விரிசலும் எங்கள் வேலையைப் பாதியாக்கும். ஸ்விட்ச் போர்டுக்குள் திரவம் கூடவே கூடாது. எம்.சி.பி.யை (கரன்ட்டைத் துண்டிக்கும் சுவிட்சை) இறக்கிவிட்டு, பூச்சியை உலர்த்திக் கொல்லும் சிலிக்கா அல்லது டயட்டம் பொடியை மெல்லிசாக ஊத வேண்டும். குவித்துக் கொட்டினால் பூச்சி சுற்றிக்கொண்டு போய்விடும், ஈரம் பட்டால் பொடி வேலை செய்யாது.

அடித்த பிறகு நான்கைந்து மணி நேரம் அறை காய வேண்டும், பிறகு ஜன்னல் திறந்து காற்றோட்டம் வேண்டும். மறுநாள் காலையில் உங்கள் ஆள் பினாயில் ஊற்றிச் சுவரோரம் வரை தேய்த்துத் துடைத்துவிடுகிறார்; எங்கள் மருந்து வாளியோடு போய்விடுகிறது. இரண்டாம் முறை நாங்கள் வரும்வரை சுவரிலிருந்து ஓர் அடி விட்டு நடுத்தரையை மட்டும் துடைக்கச் சொல்லுங்கள்.

இப்போது நாங்கள் சொன்ன ஏமாற்று வேலைக்கு வருகிறோம். சிலர் உரக்கடையில் வாங்கிய வயல் மருந்தைக் கொண்டுவந்து அடிக்கிறார்கள். நெடி மூக்கைத் துளைக்கும், உங்களுக்கும் "சரியான மருந்து" என்று தோன்றும். டைக்ளோர்வாஸ் என்ற மருந்து ஒரு காலத்தில் மூட்டைப்பூச்சிக்குத் தாராளமாக அடிக்கப்பட்டது. மத்திய அரசின் 2018-ம் ஆண்டு ஆணைப்படி 2020 டிசம்பர் 31-லிருந்து அது தடை செய்யப்பட்ட மருந்து. எங்கோ பழைய பாட்டிலில் இருந்து அது இன்னும் உங்கள் அறைக்கு வருகிறதென்றால், பிடிபடும்போது பதில் சொல்ல வேண்டியவர்களில் நீங்களும் உண்டு.

அதைவிட மோசமானது அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை. தானியக் கிடங்குக்கான சரக்கு அது. 3 கிராம் மாத்திரை ஒன்று காற்றின் ஈரத்தில் 1 கிராம் பாஸ்பீன் வாயுவை விடும். அந்த வாயு மூட்டைப்பூச்சி போகும் அதே ஒயரிங் பைப் வழியாகப் பக்கத்து அறைக்குப் போகும், அங்கே தூங்குகிறவருக்குத் தெரியாது. அதற்கு முறிமருந்து கிடையாது. கட்டிலுக்கு அடியில் மாத்திரை வைத்துக் கதவைப் பூட்டிவிட்டுப் போகிறேன் என்று எவராவது சொன்னால், அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், வீட்டில் எலிக்கு வைத்த மருந்தின் நெடியால் இரண்டு குழந்தைகள் இறந்தது மறந்திருக்காது. மண்ணெண்ணெய் ஊற்றும் பழைய வைத்தியமும் வேண்டாம். பட்ட பூச்சி சாகும், படாதது இருக்கும், மெத்தை மட்டும் தீப்பிடிக்கத் தயாராக இருக்கும்.

உங்கள் பங்கில் செய்ய வேண்டியவற்றில் முதலாவது விரிப்பு. பூச்சி கண்ட அறையின் விரிப்பை அறைக்குள்ளேயே பாலிதீன் கவரில் போட்டு வாயைக் கட்டித்தான் வெளியே எடுக்க வேண்டும். 60 டிகிரி வெந்நீரில் துவைக்கவும், டிரையர் இருந்தால் முழுச் சூட்டில் அரை மணி நேரம் ஓட்டவும் சலவைக்காரரிடம் சொல்லுங்கள். வெள்ளாவி வைப்பவர் என்றால் கவலையே இல்லை. பச்சைத் தண்ணீரில் சோப்புத்தூள் போட்டு ஊறவைத்தால் முட்டை அப்படியே திரும்பி வரும். மெத்தைக்கு ஜிப் வைத்த முழு உறை போட்டால், உள்ளே மிஞ்சியது வெளியே வர முடியாது. ஓர் ஆண்டுக்கு அந்த ஜிப்பைத் திறக்காதீர்கள். அந்த அறைக் கட்டிலை வேறு அறைக்கு மாற்றுவது, மெத்தையை ரூம்பாய் அறைக்குக் கொடுப்பது இரண்டும் கூடாது. இரண்டாவதை நிறைய இடங்களில் பார்க்கிறோம். அந்தப் பையன் தூங்கிவிட்டுக் காலையில் எல்லா அறைகளுக்கும் போகிறான்.

கட்டிலில் ஏற வரும் பூச்சி உள்ளே விழுந்து மாட்டிக்கொள்ள, கட்டில் கால்களுக்குக் கீழே வைக்கும் பொறிக் கிண்ணங்கள் இப்போது ஆன்லைனில் கிடைக்கின்றன. ஒரு விஷயம் மட்டும்: நம் பகுதியில் அதிகம் இருப்பது வெப்பமண்டல வகை, சைமெக்ஸ் ஹெமிப்டெரஸ். குளிர்நாட்டு வகையைப் போல வழுக்கும் பிளாஸ்டிக்கில் இது தோற்றுப்போகாது, ஏறி வந்துவிடும். கிண்ணத்தின் உள்சுவரில் டால்கம் பவுடரை மெல்லிசாகத் தடவுங்கள், தூசி படிந்தால் துடைத்து மறுபடி தடவுங்கள். கட்டில் சுவரைத் தொடாமல் நாலு விரல் தள்ளியிருக்க வேண்டும். விரிப்பு தரையில் தொங்கக் கூடாது. இல்லாவிட்டால் கிண்ணம் அலங்காரத்துக்குத்தான்.

தங்க வந்தவர் புகார் சொன்னால் அவரோடு வாதாடாதீர்கள். "நீங்க கொண்டு வந்ததுதான்" என்று சொல்வதில் எந்தப் பயனும் இல்லை. கொண்டு வந்தவர் போன வாரம் வந்தவராகவும் இருக்கலாம். மூட்டைப்பூச்சி நோய் பரப்புவதாக இதுவரை உறுதியாகவில்லை என்பதைச் சொல்லிச் சமாதானப்படுத்தலாம். அவரைப் பக்கத்து அறைக்கு மாற்றாமல் வேறு தளத்துக்கு மாற்றுங்கள். அவர் பைகளுக்கு இரண்டு பெரிய பாலிதீன் கவர் கொடுங்கள். எந்த அறை, எந்த நாள், எந்த இடத்தில் கண்டது என்பதை ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டு இருந்தால் எங்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

காலமும் பார்க்க வேண்டும். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் அறைகள் நிரம்பி வழியும். கார்த்திகை பிறந்தால் தை வரை ஐயப்ப பக்தர்கள் பஸ் பஸ்ஸாக, ஊர் ஊராகத் தங்கிய பாய் படுக்கையோடு வருவார்கள். அரசு இராசாசி மருத்துவமனையைச் சுற்றியுள்ள விடுதிகளுக்கோ ஆண்டு முழுக்க சீசன். கூட்டம் வந்த பிறகு எங்களைக் கூப்பிட்டால் அறை காலியாகாது, 14-ம் நாள் இரண்டாம் முறைக்கும் இடம் கிடைக்காது. முகூர்த்தம் இல்லாத ஆடியில் ஒரு முழுச் சோதனை, சித்திரைக்கு முன் பங்குனியில் ஒன்று, ஐப்பசிக் கடைசியில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தம் போடும்போது 1968-ம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி வேளாண்மைத் துறை தரும் உரிமத்தின் நகலைக் கேளுங்கள். மருந்துப் பாட்டிலைக் கண்ணால் பாருங்கள்: காலாவதித் தேதியும், லேபிளில் இருக்கும் வைர வடிவக் கட்டத்தின் நிறமும். சிவப்பும் மஞ்சளும் ஆள் தூங்கும் அறைக்குள் வரக் கூடாதவை. நீலம், பச்சை என்றால் மேலே பேசலாம். மூன்று முறை வரும் தேதிகளையும் காகிதத்தில் எழுதி வாங்குங்கள். "ஒரு வருட கேரண்டி" என்று அச்சடித்த நோட்டீஸை நாங்களும் பார்க்கிறோம். தினமும் புது ஆள் வந்து தங்கும் கட்டடத்துக்கு அப்படி எவராலும் கேரண்டி தர முடியாது. மூன்றாம் முறைக்குப் பிறகு அந்த ஐந்து அறைகளில் ஒரு மாதத்துக்குள் பூச்சி கண்டால் இலவசமாகத் திரும்பி வருவோம் என்பதுவரை நாங்கள் எழுதித் தர முடியும்.

ஆகவே அடுத்த முறை கூப்பிடும்போது, ரேட்டுக்கு முன்னால் இவற்றைச் சொல்லுங்கள்: எந்த அறை, அதைச் சுற்றி எந்தெந்த அறைகள், கட்டில் மரமா இரும்பா, சுவர் சுண்ணாம்பா பெயின்ட்டா, கடந்த ஒரு மாதத்தில் யார் எந்த மருந்தை அடித்தார்கள். ஐந்து அறைச் சாவியோடும் ஓர் ஆளை எங்களோடு விடுங்கள். தலைமாட்டுப் பலகையைக் கழற்ற உங்கள் முதலாளி சம்மதிக்க மாட்டார் என்றால் அதையும் போனிலேயே சொல்லிவிடுங்கள், நாங்கள் கிளம்பி வரவேண்டாம்.

இப்படிக்கு,
மதுரையில் பூச்சிக்கட்டுப்பாட்டுத் தொழில் செய்கிறவர்கள்